மீதி யாருடையது? பேலன்ஸ், கிரெடிட் – இரண்டு வார்த்தைகள்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் சிரித்த முகத்தோடு பாஸ்புக்கை நீட்டினார். "மேடம், பேலன்ஸ் முப்பத்தெட்டாயிரம் இருக்கு. பாதிய எடுத்து பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டிடவா?" வாங்கிப் பார்த்தேன். அது அவருடைய கறவை மாட்டுக் கடன் கணக்கு. முப்பத்தெட்டாயிரமும் அவர் இன்னும் கட்ட வேண்டிய பாக்கி! அதைச் சொல்ல எனக்கே சங்கடமாகிவிட்டது.

தப்பு அவர் மேல் இல்லை, வார்த்தை அப்படி. பஸ்ஸில் கண்டக்டர் தர வேண்டிய சில்லறையும் பேலன்ஸ்தான். சைக்கிளில் தடுமாறினால் பேலன்ஸ் போச்சு என்கிறோம், அது சமநிலை. வங்கியில் பேலன்ஸ் என்றால் மீதி. ஆனால் யாருடைய மீதி? சேமிப்புக் கணக்கில் நம்முடையது. கடன் கணக்கில் நாம் வங்கிக்குத் தர வேண்டியது.

கிரெடிட் இன்னும் குழப்பம். 'கிரெடிட்' என்று மெசேஜ் வந்தால் பணம் வந்திருக்கிறது. கிரெடிட் கார்டு என்றால் கடன். வரவும் கடனும் ஒரே வார்த்தையா என்று நானும் படிக்கிற காலத்தில் முழித்திருக்கிறேன். நம்புவது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லில் பிறந்தது இது. நம்பித்தானே கடன் கொடுக்கிறோம்? பாஸ்புக் என்பது வங்கி எழுதும் கணக்கு. நாம் சேமிப்பில் போடும் பணம் வங்கி நமக்குத் திருப்பித் தர வேண்டிய கடன், அதனால் அங்கே அது கிரெடிட். நாமும் வங்கிக்குக் கடன் கொடுத்தவர்கள்தான், தெரியுமா!

பல வங்கிகள் மீதித் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து போடும். சி.ஆர். என்றால் நம் பணம். டி.ஆர். என்றால் நாம் கட்ட வேண்டியது. தொகையைப் பார்க்கும் முன் அந்த எழுத்தைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. "தெரியாம உங்க கணக்குல கிரெடிட் ஆயிடுச்சு, திருப்பி அனுப்புங்க" என்று யாராவது போன் செய்தால், மெசேஜை நம்பி அனுப்பிவிடாதீர்கள். பொய் மெசேஜ் அனுப்பி ஏமாற்றுகிறார்கள். வங்கிக்குப் போய் என்ட்ரி போட்டுப் பாருங்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய பின் நம்பர் எப்போதுமே தேவையில்லை.

அந்த உறுப்பினரின் மகளுக்கு ஃபீஸ் கட்ட, குழுவிலேயே உள்கடன் கொடுக்க அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எல்லோரும் சேமிப்பு, கடன் இரண்டு புத்தகத்தையும் கையோடு எடுத்து வாருங்கள்.