ஊர்ப்பணி மன்றமும் பொது நிதியும்

அரசாங்கத்தின் திட்டங்கள் எவ்வளவு விரிவாக வகுக்கப்பட்டாலும், அவற்றின் விதிகளுக்குள் அடங்காத சில தேவைகள் ஒவ்வோர் ஊரிலும் எஞ்சி நிற்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். உப்பளத்தில் உழைத்துப் பார்வை மங்கிய மூதாட்டிக்கு இலவச அறுவைச் சிகிச்சை உண்டு. ஆனால் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவர ஆள் இல்லை. தந்தையைக் கடலில் இழந்த சிறுவனுக்கு உதவித்தொகை உண்டு; ஆனால் அது கைக்கு வந்து சேரும்வரை பள்ளியில் நீடிப்பதற்கு வழியில்லை. இத்தகைய இடைவெளிகளை நிரப்பவேண்டுமாயின், ஊருக்குள்ளேயே ஒரு பணி மன்றம் இருத்தல் வேண்டும்.

வடக்கே வேம்பாரிலிருந்து தெற்கே பெரியதாழை வரை ஏறத்தாழ 163 கிலோமீட்டர் நீளும் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் இளைஞர் மன்றங்களும், மகளிர் குழுக்களும், மீனவர் சங்கங்களும் பலவாக உள்ளன. ஆர்வத்துக்குக் குறைவில்லை. எந்தப் பணியை ஏற்பது, அதற்குரிய பணத்தை எவ்வாறு திரட்டுவது, திரட்டிய பணத்தை எவ்வாறு காப்பது என்னும் மூன்று கேள்விகளில்தான் பல மன்றங்கள் தடுமாறுகின்றன. அவற்றை ஈண்டு ஆராய்வோம்.

நம் முன்னோர் கண்ட வழிகள்

பொதுப்பணிக்கு நிதி சேர்ப்பது நமக்குப் புதிதன்று. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நாடார் வணிகர் ‘மகமை’ என்னும் முறையை வளர்த்தனர். வாங்கும் சரக்குக்கும் விற்கும் சரக்குக்கும் இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொது நிதிக்கு ஒதுக்கிவிடுவர். பேட்டைகளும், கிணறுகளும், கோயில்களும், பின்னர்ப் பள்ளிக்கூடங்களும் அந்நிதியால் எழுந்தன. விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலைக்காக வீடுதோறும் நாள்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்தனர். காமராசர் பயின்ற பள்ளி அதுவே.

பிடி அரிசி அற்பமானதாகத் தோன்றலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். இருநூறு வீடுகள் உள்ள ஊரில் வீட்டுக்கு 40 கிராம் எடுத்துவைத்தால் நாளொன்றுக்கு 8 கிலோ, மாதத்துக்கு 240 கிலோ சேரும். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் எனக் கொண்டால், 1,600 வேளை உணவுக்கு அது போதும். இம்முறையின் சிறப்பு, எவருக்கும் பாரமாகாத அளவும், நாள்தவறாத ஒழுங்குமே ஆகும்.

நமது கடற்கரையில் வேறொரு பாடமும் உண்டு. தூத்துக்குடிப் பார்களில் 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. அது நடைபெற்ற நாளில், கரைக்கு வந்த சிப்பிகளைக் குளிப்பாளர்கள் மூன்று குவியல்களாகப் பிரித்துவைப்பர். அவற்றுள் குளிப்பாளர்க்குரிய ஒன்று எது, அரசுக்குரிய இரண்டு எவை என்பதை அதிகாரி பின்னர்க் குறிப்பிடுவார். தமக்கு எது வரும் என்பதை அறியாமையால், பிரிப்பவர் மூன்றையும் ஒத்த அளவாகவே வைப்பர். எல்லோர் கண்முன்னும் நிகழ்ந்த அப்பங்கீட்டில் ஐயத்துக்கு இடமில்லை. பொதுப் பணத்தைக் கையாளும் மன்றத்துக்கும் இந்த வெளிப்படை இன்றியமையாதது.

பழைய முறைகளில் ஒரு குறையும் இருந்தது. அந்நிதி பெரும்பாலும் அந்தந்தச் சமூகத்தாரின் நிதியாகவே இருந்தது. இன்று ஒரே ஊராட்சியில் வள்ளக்காரரும், அளத்தொழிலாளரும், பனையேறுவோரும், சிறு வணிகரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். சாதியும் சமயமும் பாராமல், தேவை ஒன்றையே அளவுகோலாகக் கொள்வதுதான் ஊர்ப்பணி மன்றத்துக்கு அழகு.

உலகப் பணி மன்றங்கள் கற்பிப்பவை

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1905ஆம் ஆண்டில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் தொடங்கிய ரோட்டரி சங்கமும், 1917ஆம் ஆண்டில் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியால் உருவான லயன்ஸ் சங்கமும் இன்று உலகெங்கும் பரவியுள்ளன. தூத்துக்குடி போன்ற துறைமுக நகரங்களிலும் அவை செயற்படுகின்றன. அவற்றிடமிருந்து நாம் அறிய வேண்டியவை இரண்டு.

முதலாவது, குறிக்கோளைச் சுருக்கிக்கொண்டு அதில் நிலைத்து நிற்றல். 1925ஆம் ஆண்டில் ஹெலன் கெல்லர் அம்மையார் வேண்டிக்கொண்டதன் பேரில் லயன்ஸ் சங்கங்கள் பார்வையிழந்தோர் நலத்தைத் தம் தலையாய பணியாக ஏற்றன. ரோட்டரி 1985ஆம் ஆண்டில் இளம்பிள்ளை வாத ஒழிப்பை மேற்கொண்டது. 12 கோடி டாலர் திரட்டுவது இலக்கு. 1988க்குள் 24 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. நமது நாட்டில் 2011 சனவரிக்குப் பின் அந்நோய் எவரையும் இயற்கையாகத் தாக்கவில்லை; 2014 மார்ச்சில் இந்தியா அந்நோய் நீங்கிய நாடெனச் சான்று பெற்றது. அரசும், உலக நிறுவனங்களும், இலட்சக்கணக்கான ஊழியரும் சேர்ந்து செய்த பணி அது. அதில் பணி மன்றங்களுக்கும் உரிய பங்கு உண்டு.

இரண்டாவது, கணக்கை இரண்டாகப் பிரித்தல். அங்கத்தினர் செலுத்தும் சந்தா ஒரு கணக்கு. பொதுமக்கள் தரும் நன்கொடை மற்றொரு கணக்கு. கூட்டச் செலவு, தேநீர், அச்சுக்கூலி முதலியன சந்தாவிலிருந்தே செய்யப்படுதல் வேண்டும். மக்கள் தந்த பணம் மக்கள் பணிக்கே திரும்ப வேண்டும். லயன்ஸ் சங்கங்கள் இதனை விதியாகவே கொண்டுள்ளன.

மற்றொன்றும் கருதத்தக்கது. ரோட்டரி பெண்களை அங்கத்தினராக ஏற்க 1989ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. நாம் அவ்வாறு காத்திருக்க வேண்டுவதில்லை. உப்பளங்களில் பாடுபடுவோரில் பெண்கள் பெருந்தொகையினர். அவர்கள் இல்லாத மன்றம் ஊரின் தேவையைப் பாதிதான் அறியும்.

பணியைத் தேர்ந்தெடுத்தல்

புதிய மன்றம் ஏற்பதற்குரிய பணிகளுள் கண் சிகிச்சை முகாம் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். உப்புப் பாத்திகளின் வெண்பரப்பில் பட்டெழும் வெயிலொளி கண்ணை வருத்தும். நெடுங்காலம் கடும் வெயிலொளியில் உழைப்போர்க்குக் கண்புரை ஏற்படும் வாய்ப்பு மிகுதி. கண்புரையோ எளிய அறுவையால் நீக்கத்தக்கது.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டில் மதுரையில் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாம் நடத்துவதில் தெளிவான வேலைப் பங்கீட்டைக் கடைப்பிடிக்கிறது. மருத்துவரும் செவிலியரும் கருவிகளும் மருத்துவமனையின் பொறுப்பு. இடம் ஏற்பாடு செய்தல், சுற்றுவட்டாரத்தில் பறையறிவித்தல், தொண்டர்களை நிறுத்துதல் ஆகியவை உள்ளூர் மன்றத்தின் பொறுப்பு. அறுவை தேவைப்படுவோர் மருத்துவமனைக்கே அழைத்துச் செல்லப்படுகின்றனர். மருத்துவம் அறியாத மன்றமும் மருத்துவப் பணியில் உதவ இயலும் என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் முகாம் நாளோடு பணி முடிந்துவிடுவதில்லை. அறுவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும் அச்சத்தாலோ, ஒரு நாள் கூலி போய்விடுமே என்னும் கவலையாலோ வராது நின்றுவிடுவோர் உண்டு. அவர்கள் வீடு தேடிச் சென்று, ஐயத்தைத் தீர்த்து, உடன் சென்று வருவதே மன்றத்தின் உண்மையான வேலை. இதற்குப் பணத்தைவிட மனிதர்களே மிகுதியாக வேண்டும்.

நிதி திரட்டும் காலமும் முறையும்

கடற்கரை ஊர்களில் வருமானம் ஆண்டு முழுதும் ஒரே சீராக இராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். இக்காலங்களில் அவ்வத் தொழிலாளரிடம் வசூல் செய்யாமல் இருப்பதே முறை. மன்றத்தின் உதவி அவர்களுக்கு மிகவும் தேவைப்படும் காலமும் அதுவே. ஆகவே, வருவாய்க் காலத்தில் சேர்த்துப் பஞ்ச காலத்தில் செலவிடும்படி ஆண்டுத் திட்டம் அமைதல் வேண்டும்.

ஆகஸ்டு 5ஆம் நாளில் நிறைவுறும் தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழாவுக்கும், குலசேகரன்பட்டினம் தசராவுக்கும், திருச்செந்தூர்த் திருவிழாக்களுக்கும் வெளியூர் சென்ற பலர் ஊர் திரும்புவர். அவர்களைச் சந்தித்து ஊரின் தேவையை எடுத்துரைக்க அதுவே தக்க தருணம். குலசை தசராவின்போது வேடமணிந்தோர் குழுக்களாகச் சென்று காணிக்கை பெற்றுக் கோயிலில் செலுத்துவதை நாம் அறிவோம். வீடுவீடாகச் சென்று கூச்சமின்றிக் கேட்கவும், பெற்றதைச் சேரவேண்டிய இடத்தில் சேர்க்கவும் பழகிய மக்கள் நம் மக்கள்.

பெருந்தொகை தரும் ஒருவரை நம்பியிருப்பதைவிடச் சிறுதொகை தரும் நூறு பேரைப் பெறுவது மேல். ஒருவர் பணத்தில் நடக்கும் மன்றம் அவர் விருப்பப்படி நடக்கும். அவர் மனம் மாறினால் நின்றும்போகும். பணம் தர இயலாதோரிடம் பொருளாகவும் உழைப்பாகவும் பெறலாம். ஒரு கூடை மீன், சில கருப்பட்டி, ஒரு நாள் வண்டிச் சேவை ஆகியவையும் கணக்கில் எழுதத்தக்க நன்கொடைகளே.

அரசுடன் இணைந்து செய்தல்

மன்றத்தின் நிதி, அரசின் நிதியோடு சேரும்போது பன்மடங்கு பயன் தரும். இதற்குச் சான்று நமது மாவட்டத்திலேயே உள்ளது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளிக்கும் இயக்கம் 1956ஆம் ஆண்டில் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கப்பெற்றது. முதலில் ஊர்மக்களின் கொடையே அதற்கு ஆதாரம். பின்னர்ச் செலவில் நூற்றுக்கு அறுபது பங்கை அரசும், நாற்பது பங்கை ஊர்மக்களும் ஏற்றனர். காலப்போக்கில் அது அரசின் முழுப் பொறுப்பாக வளர்ந்தது. ஊரார் இட்ட வித்து நாடு தழுவிய மரமாயிற்று என்பது கண்கூடு.

இன்று ‘நமக்கு நாமே’ திட்டத்தில், பொதுவாக மதிப்பீட்டில் மூன்றிலொரு பங்கை மக்கள் செலுத்தினால் எஞ்சியதை அரசு ஏற்கிறது. ஒன்பது இலட்ச ரூபாய் மதிப்புள்ள ஒரு சமுதாயக் கூடத்துக்கு மக்கள் பங்கு மூன்று இலட்சம். முந்நூறு குடும்பங்கள் உள்ள ஊரில், குடும்பத்துக்கு மாதம் நூறு ரூபாயாகப் பத்து மாதங்களில் அது சேர்ந்துவிடும். மலைப்பாகத் தோன்றும் தொகையை இவ்வாறு மாதக் கணக்காகப் பிரித்துக் காட்டுவது மன்றத்தாரின் கடமையாகும்.

கணக்கே மன்றத்தின் உயிர்

எமது பணிக்காலத்தில் ஒரு கடலோரச் சிற்றூரில் நிகழ்ந்ததைக் கூறுவோம். நூலகம் அமைப்பதற்கென இளைஞர் சிலர் வீடுவீடாகச் சென்று பணம் திரட்டினர். இடம் கிடைப்பதில் தாமதம் ஏற்பட்டது. பணம் பத்திரமாகவே இருந்தது. ஒரு காசும் வீணாகவில்லை. ஆனால் கணக்கை எவரும் ஊராரிடம் படிக்கவில்லை. பத்து ரூபாய் கொடுத்திருந்த அளத்தொழிலாளி அம்மையார் ஒருவர், ‘எங்கள் பணம் என்னவாயிற்று?’ என்று கேட்டபோது, அவரை மதித்து விடை சொல்லவும் ஆள் இல்லை. மறு ஆண்டு கண் சிகிச்சை முகாமுக்காக அதே இளைஞர்கள் சென்றபோது கதவுகள் திறக்கவில்லை. முகாம் நடைபெறாமற்போனதால் நட்டமடைந்தோர், கேள்வி கேட்டவர்களும் அவர்களைப் போன்ற முதியோருமே என்பது வருந்தத்தக்கது. நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது. நேர்மை ஊராருக்குத் தெரியவும் வேண்டும்.

ஆகவே பின்வருவனவற்றைத் தொடக்க நாளிலிருந்தே கடைப்பிடித்தல் நலம். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி மன்றத்தைப் பதிவு செய்க. வங்கிக் கணக்கை இருவர் கையெழுத்தில் இயக்குக. எவ்வளவு சிறிய தொகைக்கும் வரிசை எண்ணிட்ட இரசீது தருக; பணம் பெறுபவர் ஒருவராகவும், கணக்கு எழுதுபவர் வேறொருவராகவும் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு மாதமும் வரவு செலவைப் பெரிய எழுத்தில் எழுதி, எல்லோரும் கூடும் இடத்தில் ஒட்டுக. எழுத்தறியாதோர்க்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுக. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபை அதற்கு ஏற்ற இடம். உதவி பெற்ற ஏழையரின் பெயரைப் பலகையில் எழுதி அவர் மனத்தைப் புண்படுத்தலாகாது. உதவியின் எண்ணிக்கையும் தொகையும் போதும்.

ஆபத்துக் காலத்தில்

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சாலைகள் துண்டிக்கப்பட்டு மீட்புக் குழுவினர் வந்து சேர இயலாத நிலையில், அருகிலிருந்த புதுக்குடி மக்கள் தம் துன்பத்தையும் பொருட்படுத்தாது, இருந்த அரிசியைக் கொண்டு சமைத்து அப்பயணிகளுக்கு உணவளித்தனர்.

உள்ளம் நம் மக்களிடம் என்றும் உண்டு. அரிசி இருப்பு, பெரிய பாத்திரங்கள், விறகு, கயிறு, விளக்கு, வள்ளம் வைத்திருப்போரின் பட்டியல், தனித்து வாழும் முதியோரின் பட்டியல் ஆகியவற்றை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருக்கும் மன்றம் இருந்தால், அவ்வுள்ளம் மேலும் விரைவாகச் செயற்படும். பருவமழைக்கு முன்பாகவே, அதாவது செப்டம்பர் மாதத்திற்குள், ஒவ்வொரு கடலோர ஊரிலும் இப்பட்டியல்கள் எழுதி முடிக்கப்படல் வேண்டும். இதற்குச் செலவு ஒரு குறிப்பேடும் இரண்டு மாலைப் பொழுதுகளுமே. நிதி சேரும்வரை காத்திராமல், இன்றே தொடங்கத்தக்க முதற்பணி இதுவென்று மன்றங்களின் அன்பர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.