பழைய பாய்லரும் குளியல் நீரின் வெப்பமும்: குறை காணும் முறை

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதி, காயலை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில் அமைந்துள்ளது. இங்குள்ள கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பானது. கோடையில் உவர்ப்பு மேலும் மிகும். முன்னாளில் ஆலுவாப் பக்கத்துப் பெரியாற்று நீர் வள்ளங்களில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டது. 1914-ஆம் ஆண்டில் சொவ்வரையிலிருந்து குழாய் வழியே நீர் வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நெடுந்தொலைவு ஓடிவரும் குழாயின் கடைப்பகுதியில் நீரின் அழுத்தம் எப்பொழுதும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஆதலின் வீடுகளில் மேல்தொட்டி இன்றியமையாததாயிற்று.

உவர்ப்பும் ஏறி இறங்கும் அழுத்தமும் வீட்டுப் பாய்லரின் இயக்கத்தைப் பெரிதும் பாதிப்பவை. ஷவரில் நீர் வெதுவெதுப்பாக வந்தால், ‘பாய்லர் பழுதாயிற்று’ என்று உடனே முடிவு செய்வது வழக்கம். ஆனால் குறை பாய்லரில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. வெப்பம் உண்டாகும் இடம், வெந்நீர் தங்கும் இடம், தண்ணீருடன் அது கலக்கும் இடம் ஆகிய மூன்றில் எங்குக் குறை நேர்ந்துள்ளது என்பதை முதலில் அளந்து அறிதல் வேண்டும்.

பாய்லர் இயங்கும் விதம்

பழைய வீடுகளில் காணப்படும் செம்புப் பாய்லரின் நடுவே புகைக்குழல் ஒன்று செல்கிறது. அதன் அடியில் விறகோ கரியோ எரிக்கப்படுகிறது. மேலேயுள்ள புனலில் ஊற்றும் தண்ணீர், ஒரு குழாய் வழியே கலத்தின் அடிக்குச் செல்கிறது. மேலே தங்கியுள்ள வெந்நீர், மூக்கு வழியே வெளிப்படுகிறது. கீசர் எனப்படும் மின்சாரப் பாய்லரும் இதே தத்துவத்தின்படி அமைந்ததே. அதிலும் தண்ணீர் அடியில் புகுகிறது; வெந்நீர் மேலிருந்து எடுக்கப்படுகிறது.

ஒரு லிட்டர் நீரின் எடை 28 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 996 கிராம். 60 பாகையில் 983 கிராம். இந்த 13 கிராம் வேறுபாட்டினால் வெந்நீர் மேல் அடுக்காகவும் தண்ணீர் கீழ் அடுக்காகவும் பிரிந்து நிற்கின்றன. அடுக்குகள் குலையாதவரையில் மேலேயுள்ள நீரின் சூடு குறைவதில்லை.

சோதனை

இதற்கு வேண்டியவை 100 பாகை வரை காட்டும் வெப்பமானி, அளவு குறித்த வாளி, கடிகாரம் ஆகியன. பாய்லர் முழுதும் சூடேறி விளக்கு அணைந்தபின், மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். தண்ணீர்க் குழாயை மூடி, வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்து, இரண்டு லிட்டருக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாய்லருக்கு அண்மையிலுள்ள குழாயில் ஒருமுறையும், மீண்டும் சூடேற்றியபின் ஷவரில் ஒருமுறையும் இவ்வாறு அளத்தல் நன்று. கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் கீழ்க்கண்ட நான்கு வகையில் அடங்கும்.

முதலாவது, தொடக்கத்திலிருந்தே சூடு போதாமை. இது வெப்பம் உண்டாகும் இடத்தின் குறையாகும். 2 கிலோவாட் ஆற்றலுடைய 15 லிட்டர் பாய்லர், நீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 17 நிமிடம் எடுத்துக்கொள்ளும். மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 200-க்கு இறங்கினால் அதே வேலைக்கு 22 நிமிடம் ஆகும். வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறைவதே காரணம். உரிய நேரத்திற்கு முன்னரே விளக்கு அணைந்து, நீரும் சூடாகாதிருந்தால், தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க வேண்டும். கடினநீர் பயன்படும் வீடுகளில் வெப்பச் சுருளின்மேல் சுண்ணப் படிவு சேர்கிறது. சுருளின் வெப்பம் நீருக்கு எளிதில் செல்லாமையால், அது மிகையாகச் சூடேறி விரைவில் எரிந்துபோகிறது. செம்புப் பாய்லராயின் புகைக்குழலின் உட்புறக் கரியையும் அடைபட்ட சாம்பல் தட்டையும் நீக்க வேண்டும்.

இரண்டாவது, முதலில் சூடாக வந்து, சில லிட்டருக்குள் குளிர்ந்துவிடுதல். இங்கு அடுக்குகள் குலைந்துள்ளன. தண்ணீரை அடிக்குக் கொண்டுசெல்லும் குழாய் மேற்பகுதியில் அரித்துப்போயிருந்தால், புதிதாகப் புகும் தண்ணீர் மேலேயுள்ள வெந்நீருடன் கலந்துவிடும். உவர்நீர் இந்த அரிப்பை விரைவுபடுத்தும். மின்சாரப் பாய்லரினுள் இருக்கும் மக்னீசியக் கோல், கலத்திற்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதனைக் காக்கிறது. கோல் தேய்ந்தபின் மாற்றாவிடில் கலமே அரிக்கப்படும்.

மூன்றாவது, பாய்லர் அருகே சூடு, ஷவரில் வெதுவெதுப்பு. இது கலக்கும் இடத்தின் குறையாகும். மின்சாரத்தை நிறுத்தி, பாய்லருக்குள் தண்ணீர் புகும் வால்வை மூடியபின், வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். மூடிய கலமாதலின் ஓட்டம் சிறிது நேரத்தில் நின்றுவிட வேண்டும். நில்லாது ஓடினால், எங்கோ ஒரு கலப்புக் குழாயின் வழியே தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் கடந்து வருகிறது என்பது தெளிவு. தேய்ந்த வாஷரை மாற்றி, ஒருவழி வால்வு பொருத்தினால் குறை நீங்கும்.

நான்காவது, சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வருதல். பழைய வீடுகள் சிலவற்றில் பாய்லருக்கு மேல்தொட்டி நீரும், ஷவரின் தண்ணீர்க் குழாய்க்கு நேர்க்குழாய் நீரும் இணைக்கப்பட்டிருக்கும். மூன்று மீட்டர் உயரத்திலுள்ள தொட்டி தரும் அழுத்தம் சதுரச் சென்டிமீட்டருக்கு 0.3 கிலோகிராம் மட்டுமே. தெருக்குழாயில் அழுத்தம் ஏறும் நேரத்தில் தண்ணீர் மிகுந்து பாயும். இறங்கும் நேரத்தில் வெந்நீரே மிகுந்து உடலைச் சுடும். இரு குழாய்களுக்கும் ஒரே தொட்டியிலிருந்து நீர் கொடுப்பதே இதற்குத் தக்க பரிகாரமாகும்.

தவிர்க்க வேண்டியவை

காரணம் அறியாமல் தெர்மோஸ்டாட்டை உயர்த்துவது பெருந்தவறு. 60 பாகை நீர் சில விநாடிகளிலேயே தோலைப் புண்ணாக்கும். குழந்தைகளும் முதியோரும் விரைந்து விலக இயலாதவர்கள். மற்றொரு பக்கம், நீரை நெடுநாள் வெதுவெதுப்பிலேயே தேக்கி வைப்பதும் தீது. 20 முதல் 45 பாகை வரையில் லீஜியோனெல்லா என்னும் நோய்க் கிருமி பெருகக்கூடும். ஆகவே, கலத்தில் 60 பாகையில் வைத்து, குழாயில் 40 பாகைக்குக் கலந்து பயன்படுத்துவதே முறை. 60 பாகையிலுள்ள 15 லிட்டர் நீருடன் 28 பாகையிலுள்ள 25 லிட்டர் நீரைச் சேர்த்தால், 40 பாகையில் 40 லிட்டர் கிடைக்கும்.

சொட்டுகிறது என்பதற்காகப் பாதுகாப்பு வால்வை ஒருபோதும் அடைத்தல் கூடாது. அழுத்தம் வெளியேற வழியின்றிக் கலம் வெடிக்கக்கூடும். நீரில்லாத பாய்லரில் நெருப்பு மூட்டுவதும் மின்சாரம் செலுத்துவதும் ஆகா. நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமும் இன்றி மின்சாரப் பாய்லரை இயக்கலாகாது. பாய்லரைத் திறந்து பழுது பார்ப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. அளந்து குறையின் இடத்தைச் சுட்டுவது எவரும் செய்யத்தக்கது.

வகுப்பறைச் சோதனை

இரண்டு கண்ணாடிக் குவளைகளில் பாதியளவு வெதுவெதுப்பான நீர் எடுத்துக்கொள்க. ஒன்றில், சாயமிட்ட குளிர்ந்த நீரைப் புனலும் குழாயும் கொண்டு அடியில் மெல்லச் செலுத்துக. மற்றொன்றில் அதே நீரை மேலிருந்து ஊற்றுக. முதற்குவளையில் சாயம் அடியில் அடுக்காக நிற்கும். இரண்டாவதில் எங்கும் பரவும். முதலாவது நல்ல பாய்லர், இரண்டாவது குழாய் அரித்துப்போன பாய்லர் என்பதை மாணவர்கள் தாமே கூறிவிடுவர். பின்னர் தத்தம் வீட்டு வெந்நீரின் வெப்பநிலையைப் பெரியோர் துணையுடன் அளந்து வருமாறு அவர்களைப் பணிக்கலாம்.