இந்தியாவில் செய்த வேலையை இலங்கையில் எப்படி எழுதுவது?
சுயவிபரக்கோவை தயாரிக்கும் தாயகம் திரும்பியோருக்கு

வேலைக்கு விண்ணப்பிக்கப் போகும் இடத்தில் "சீ.வி. கொண்டு வந்தீர்களா?" என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் பயோடேட்டா, ரெஸ்யூம் என்று நீங்கள் சொல்லிப் பழகியதைத்தான் இங்கே சீ.வி. என்றும், தமிழில் சுயவிபரக்கோவை என்றும் சொல்கிறார்கள். பெயர் மட்டும் மாறியிருந்தால் இந்தப் பாடம் தேவையில்லை. அதை வாசிப்பவர் என்ன எதிர்பார்க்கிறார், எந்தச் சொல்லை விளங்கிக்கொள்வார், எதைச் சந்தேகிப்பார் என்பவையும் இங்கே வேறு.

தாயகம் திரும்பியோர் எழுதும் சுயவிபரக்கோவைகளில் இரண்டு வகை அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒன்று, இந்தியாவில் கணினிக் கடையில் அடித்து வைத்ததை முகவரியை மட்டும் மாற்றிக் கொடுப்பது. மற்றது, இந்தியாவில் இருந்த காலத்தையே விட்டுவிடுவது. இரண்டாவதுதான் கூடுதலாகப் பாதிக்கும். ஒருவர் 1990 இல் மன்னாரில் தரம் 5 வரை படித்தார் என்று ஒரு வரி இருக்கிறது. அடுத்த வரி 2019 இல் தொடங்குகிறது. நடுவில் 29 வருடங்கள் இல்லை. அகதியாக இருந்ததை எழுத வேண்டாம் என்ற தயக்கம்தான் காரணம் என்பது நமக்கு விளங்கும். ஆனால் கடை முதலாளிக்கோ நிறுவன முகாமையாளருக்கோ அது விளங்காது. இவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் அவர் நினைப்பார்.

ஆகவே இந்திய வருடங்களை எழுதுங்கள். "1990 முதல் 2019 வரை குடும்பத்துடன் தமிழ்நாட்டில் வசித்தேன்" என்ற ஒரு வரி போதும். ஏன் போனீர்கள், எப்படிப் போனீர்கள், எந்த முகாம், அகதி அடையாள அட்டை இலக்கம் என்ன என்பவை வேலை கொடுப்பவருக்குத் தேவையில்லாதவை. அவற்றைச் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. முகாமுக்குள்ளேயே ஏதாவது வேலையோ தொண்டோ செய்திருந்தால் அந்த முகாமின் பெயரை வேலை செய்த இடமாக எழுதத்தான் வேண்டும்.

"கூலி வேலை" என்று எழுத வேண்டாம்

முகாம்களில் இருந்த ஆண்களில் பெரும்பாலானோர் பெயின்ட் அடித்தார்கள், கட்டட வேலைக்குப் போனார்கள், வாகனம் ஓட்டினார்கள். இதையெல்லாம் "கூலி வேலை, தமிழ்நாடு" என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பதினைந்து வருட அனுபவம் அந்த இரண்டு சொல்லுக்குள் காணாமல் போகிறது.

மதுரைப் பக்கத்தில் பெயின்ட் வேலை செய்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் இப்படி எழுதலாம்: "கட்டட வர்ணப்பூச்சு வேலையாளர், மதுரை மாவட்டம், 2004 – 2019. வீடுகள், கடைத்தொகுதிகள், பாடசாலைக் கட்டடங்கள். சுவருக்குப் பட்டி பூசுதல், எமல்சன், எனாமல், மரத்துக்கு வார்னிஷ். 2011 முதல் ஐந்து பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பாக இருந்தேன். அளவெடுத்துப் பெயின்ட் தேவையைக் கணக்கிட்டு விலைமதிப்பீடு கொடுத்துள்ளேன்."

இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதல்ல. எல்லாம் அவர் செய்ததே. ஆனால் ஒப்பந்தகாரர் ஒருவர் இதை வாசித்தால், தூரிகை பிடிக்கத் தெரிந்த ஆள் மட்டுமல்ல, வேலைத்தளத்தைப் பொறுப்பாகப் பார்க்கக்கூடிய ஆள் என்று கண்டுகொள்வார். நாட்சம்பளத்திலும் அந்த வித்தியாசம் தெரியும்.

பெண்கள் இதைவிடக் கூடுதலாகத் தங்கள் வேலையைக் குறைத்துச் சொல்கிறார்கள். "முகாமில் பின்னேரம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன், அது ஒரு வேலையா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேலைதான். எத்தனை வருடம், எந்த வகுப்புகளுக்கு, என்ன பாடம், ஒரு நேரத்தில் எத்தனை பிள்ளைகள் என்று எழுதினால், முன்பள்ளிக்கோ கிராமங்களில் வேலை செய்யும் நிறுவனத்துக்கோ விண்ணப்பிக்கும்போது அது கணக்கில் எடுக்கப்படும். சுகாதாரத் தொண்டராக இருந்தவர், சுயஉதவிக் குழுவின் கணக்குப் புத்தகத்தை எழுதியவர் எல்லாருக்கும் இது பொருந்தும். திருப்பூரில் தைத்தவர்கள் "தையல்" என்று மட்டும் எழுதாமல் எந்த இயந்திரம் என்று எழுதுங்கள்: சிங்கிள் நீடில், ஓவர்லொக், பிளட்லொக். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

இரண்டு நாட்டுத் தமிழ்

மொழி ஒன்றுதான், ஆனால் அலுவலகத் தமிழ் ஒன்றல்ல. நீங்கள் "மேலாளர்" என்று எழுதுவது இங்கே முகாமையாளர். ஓட்டுநர் இங்கே சாரதி, கொத்தனார் இங்கே மேசன், செவிலியர் இங்கே தாதி. மார்க் ஷீட் என்றால் பெறுபேற்றுத் தாள். மதிப்பெண் என்றால் புள்ளி. தேர்வு என்றால் பரீட்சை. துறை என்பது திணைக்களம். ஆட்சியர் அலுவலகம் என்று தேடினால் கிடைக்காது, மாவட்டச் செயலகம் என்று கேட்க வேண்டும். வயதானவர்கள் கச்சேரி என்பார்கள். முகவரியில் வட்டம், தாலுகா என்று எழுதாமல் கிராம அலுவலர் பிரிவு, பிரதேச செயலகப் பிரிவு என்று எழுதுங்கள். இந்தச் சொற்களை மாற்றுவது உங்கள் பேச்சை மாற்றிக்கொள்ளச் சொல்வதல்ல. வாசிப்பவர் ஒரு இடத்திலும் தடக்குப்படாமல் போக வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கு வேலை பார்த்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். "ஜி.எஸ்.டி., பி.எப். பார்த்தேன்" என்று எழுதினால் இங்குள்ள கணக்காளருக்கு அரைவாசிதான் விளங்கும். இங்கே பெறுமதி சேர் வரி, அதாவது வற். பி.எப். போல இங்கே உள்ளது ஊழியர் சேமலாப நிதி. அதற்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துகிறார்கள். அதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் 3 வீதம் செலுத்த வேண்டும். "இந்தியாவில் விற்பனை வரிக் கணக்குகளும் ஊழியர் சம்பளப் பட்டியலும் தயாரித்துள்ளேன், இலங்கையின் சேமலாப நிதி, வற் நடைமுறைகளைக் கற்று வருகிறேன்" என்று எழுதலாம். ஆனால் அப்படி எழுதினால் உண்மையாகவே கற்றுக்கொள்ளுங்கள். நேர்முகத்தில் கேட்பார்கள்.

படிப்பை எழுதும்போது

பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. இலங்கையில் தரம் 11 முடிவில் சாதாரண தரம், தரம் 13 முடிவில் உயர்தரம். தமிழ்நாட்டில் 10 ஆம், 12 ஆம் வகுப்புப் பொதுத் தேர்வுகள். வருடக் கணக்கே பொருந்தாது. இங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் ஏ, பி, சி, எஸ் என்று தரம் போடுவார்கள், அங்கே 500 க்கு, 1200 க்கு, பிறகு 600 க்கு என்று மொத்தப் புள்ளி. ஆகவே பிளஸ் டூ முடித்தவர் தாமாகவே "உயர்தரம் சித்தி" என்று எழுதிவிடக் கூடாது. அது பொய் என்றே எடுக்கப்படும். "தமிழ்நாடு அரசின் 12 ஆம் வகுப்புப் பொதுப் பரீட்சை (பாடசாலைக் கல்வியின் இறுதிப் பரீட்சை), 2014" என்று எழுதி, பாடங்களையும் ஒவ்வொன்றிலும் பெற்ற புள்ளியையும், எத்தனைக்கு என்பதையும் எழுதுங்கள்.

பட்டம் பெற்றவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும். அங்கே கல்லூரியின் பெயரைச் சொன்னாலே போதும், பட்டம் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகம் என்பதைப் பலர் எழுதுவதில்லை. இங்கே அதைத்தான் பார்ப்பார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா என்பதை உறுதிப்படுத்துவது கொழும்பு 7, வார்ட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. அரச வேலைக்கோ வங்கிக்கோ போக எண்ணமிருந்தால் அங்கிருந்து கடிதம் எடுக்கும் வேலையை முற்கூட்டியே தொடங்குங்கள்.

அரச வேலை என்றால் சுயவிபரக்கோவை மட்டும் உதவாது. வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வர்த்தமானியில் அந்தந்தப் பதவிக்குரிய தகைமையும் மாதிரி விண்ணப்பப் படிவமும் இருக்கும். அந்தப் படிவத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சாதாரண தரத்தில் இன்னின்ன பாடங்களில் சித்தி என்று கேட்கப்பட்டிருந்தால் இந்தியச் சான்றிதழைக் கொண்டு அதைச் சமாளிப்பது கடினம். இளவயதுப் பிள்ளைகள் இங்கே தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரத்தை எழுதிவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து.

சான்றிதழ் இல்லாமல் கையில் தொழில் மட்டும் உள்ளவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. தேசிய தொழிற் தகைமை, என்.வி.கியூ. என்று சொல்வார்கள். பயிற்சி நிலையத்தில் படிக்காமல் வேலை செய்தே தொழில் பழகியவர்களையும் மதிப்பீடு செய்து இந்தச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். முன் கற்றலை அங்கீகரித்தல் என்பது அந்த முறையின் பெயர். மதிப்பீட்டாளர் நீங்கள் வேலை செய்வதைப் பார்ப்பார், கேள்வி கேட்பார், வேலை செய்ததற்கான ஆதாரங்களைப் பார்ப்பார். தொழிற்பயிற்சி அதிகார சபையின் அல்லது தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். மேசன், மின்னிணைப்பு, ஒட்டுவேலை, குழாய்பொருத்துதல், தையல் எல்லாவற்றிலும் இது உண்டு. "தே.தொ.த. மட்டம் 4" என்ற ஒரு வரி உங்கள் சுயவிபரக்கோவையில் ஏறிவிட்டால், நீங்கள் எங்கே தொழில் பழகினீர்கள் என்ற கேள்வி குறைந்துவிடும்.

பழைய முதலாளியிடம் ஒரு கடிதம்

எழுதியதை நம்ப வைக்க ஆதாரம் வேண்டும். இந்தியாவில் நீங்கள் வேலை செய்த கடைக்காரரோ, ஒப்பந்தகாரரோ, மேஸ்திரியோ இன்னமும் வாட்ஸ்அப்பில் இருப்பார். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, என்ன வேலை, ஆள் எப்படி என்று நான்கு வரி கேளுங்கள். குரல் பதிவு செல்லாது. தாளில் எழுதி, கையொப்பமிட்டு, தொலைபேசி இலக்கமும் போட்டு, படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். முத்திரை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முகாமில் இன்னும் உறவினர் இருந்தால் அவர் நேரில் போய் வாங்கி, திரும்பி வருபவர் யாரிடமாவது மூலப்பிரதியைக் கொடுத்துவிடலாம். நாள் போகப் போக இது கடினமாகும். இந்த மாதமே கேளுங்கள்.

இலங்கைச் சுயவிபரக்கோவையின் முடிவில் உறவினர் அல்லாத இருவரின் பெயர், பதவி, முகவரி, தொலைபேசி இலக்கம் கேட்பார்கள். முப்பது வருடம் கழித்து ஊருக்கு வந்தவர் யாருடைய பெயரைக் கொடுப்பது? பங்குத்தந்தை, ஆலய பரிபாலன சபைத் தலைவர், பிள்ளைகளின் பாடசாலை அதிபர், கூட்டுறவுச் சங்கத் தலைவர் போன்றோரிடம் போய்ப் பேசுங்கள். உங்களை அவர்களுக்கு இன்னும் தெரியாதென்றால் அந்தக் கடிதத்தையும் கொண்டு போய்க் காட்டுங்கள். கேட்காமல் யாருடைய பெயரையும் போட வேண்டாம். வேலை கொடுப்பவர் அழைக்கும்போது "அப்படி ஒருவரைத் தெரியாதே" என்று அவர் சொன்னால் விண்ணப்பம் அத்தோடு முடிந்துவிடும்.

பெயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அகதி அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், இந்தியச் சான்றிதழில் இன்னொன்று, இங்குள்ள பிறப்புச் சான்றிதழில் வேறொன்று என்று ஆங்கிலத்தில் பெயர் மாறி மாறி இருப்பது நம்மவரிடையே சாதாரணம். சுயவிபரக்கோவையில் தேசிய அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். மற்றப் பெயர்களும் ஒரே ஆளுடையவை என்று சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை இன்னும் கிடைக்கவில்லையானால் "விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்று எழுதலாம்.

மதம், சாதி, தகப்பனாரின் தொழில் போன்றவற்றை எழுதத் தேவையில்லை. மொழி என்ற இடத்தில் சிங்களம் தெரியாவிட்டால் தெரியாது என்றே விடுங்கள். கொஞ்சம் பேசத் தெரிந்தால் "பேச்சு: ஆரம்ப நிலை" என்று எழுதுங்கள். ஆங்கிலம் ஓரளவு வாசிக்க எழுதத் தெரிந்திருந்தால் அதை மறக்காமல் போடுங்கள், வடக்கில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. சிறு கடைகளுக்கும் ஊர் நிறுவனங்களுக்கும் தமிழ்ப் பிரதி போதும், கம்பனிகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஆங்கிலப் பிரதி வேண்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

விண்ணப்பத்துடன் சான்றிதழ்களின் பிரதிகளை மட்டும் கொடுங்கள். மூலப்பிரதியை நேர்முகத்தில் காட்டிவிட்டு அப்போதே திரும்ப வாங்குங்கள். வேலை எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் சுயவிபரக்கோவையையோ அடையாள அட்டைப் பிரதியையோ கொடுக்க வேண்டாம். உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேட்டு அவரிடம் பதிவு செய்யலாம். பணம் கட்டத் தேவையில்லை.

கடைசியாக, தாளை மடிப்பதற்கு முன் தொலைபேசி இலக்கத்தைப் பாருங்கள். +91 இல் தொடங்கும் பழைய இலக்கம் அதிலேயே இருந்தால் அடித்துவிட்டு, இப்போது கையில் இருக்கும் இலங்கை இலக்கத்தை எழுதுங்கள். அந்த இலக்கம் இரண்டு மூன்று மாதத்துக்காவது மாறாமல் இருக்கட்டும். சில இடங்களில் நேர்முகத்துக்கு அழைக்க அவ்வளவு காலம் எடுக்கிறது.