தற்காலிக வேலைக்கு ஈ.பி.எப். உண்டா?

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கல்முனையில் ஐஸ்கிரீம் கடையொன்றில் நிற்கிறேன். பெருநாள் காலத்தில் நடுச்சாமம் வரை வேலை. நான் தற்காலிகமாம், ஈ.பி.எப். கிடையாதாம் என்கிறார் முதலாளி. சரியா?

பதில்: சரியில்லை, தம்பி. ஈ.பி.எப். எனும் ஊழியர் சேமலாப நிதி தற்காலிகம், நிரந்தரம் என்று பிரிப்பதில்லை. முதல் நாளிலிருந்தே உங்களுக்கு உரியது. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதமும் அவருடைய பொறுப்பே. அதை உங்கள் சம்பளத்தில் வெட்டக்கூடாது.

நடுச்சாமம் வரை வேலை என்கிறீர்கள். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்குக் கொடுப்பனவு. இறுகிய ஐஸ்கிரீமை அள்ளி அள்ளி மணிக்கட்டு நோகிற வேலை இது. அந்த மேலதிக மணித்தியாலங்களை விட்டுக்கொடுக்காதீர்கள். திகதியோடு கொப்பியில் எழுதிவையுங்கள். முதலாளியிடம் மரியாதையாகக் கேளுங்கள். மறுத்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.