மெஷின் பொதுவில் இருக்கட்டும், பெல்ற் ஆளுக்கொன்று வேண்டும்

மண்டூரிலும் அதைச் சுற்றியுள்ள படுவான்கரை ஊர்களிலும் புல்லு வெட்டும் மெஷின் தனி ஒருவருக்கென்று இருப்பது குறைவு. கோயிலுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, விவசாயச் சங்கத்திடம் ஒன்று, வாடகைக்கு விடுகிறவரிடம் ஒன்றிரண்டு என்றுதான் இருக்கும். அதை எடுத்துத் தோளில் மாட்டுகிற ஆள் மாறிக்கொண்டே இருப்பார். மெஷினோடு கடையில் கொடுத்த பெல்ற் மட்டும் கடைசியாக யார் மாட்டினாரோ அவருடைய அளவிலேயே கிடக்கும். இந்த வேலை செய்பவர்களைக் கேட்டால் கழுத்துப் பிடிப்பு, இடுப்பு நோ, இடக்கை விறைப்பு என்று ஒரே வரிசையில் சொல்வார்கள். பழியை மெஷினின் பாரத்தில் போடுவார்கள். பாரத்துக்கு அதில் பங்கு குறைவு, அடுத்தவர் அளவில் தொங்கும் பெல்ற்றுக்கே பங்கு கூட என்பது என் முடிவு. மெஷின் பொதுவில் இருக்கலாம், பெல்ற் ஆளுக்கொன்று வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். இத்தனை சின்னப் பொருளுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் கீழே வரும் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

முதலில் வேலையின் அளவு. பெரும்போக விதைப்போடு மழை பிடித்துவிட்டால் தை வரைக்கும் வரம்பும் வாய்க்கால் கரையும் புல்லுக்குத்தான் சொந்தம். வாவிக் கரையோரம் கோரையும் நாணலும் எந்த மாதமும் ஓய்வதில்லை. ஆவணியில் கந்தசுவாமி கோயில் திருவிழா நெருங்கும்போது வீதிகளும் துறையடியும் வளவுகளும் துப்புரவாக வேண்டும். மேற்கே யானைக்காக மின்வேலி போட்ட இடங்களில் கம்பியில் புல் முட்டினால் மின்சாரம் நிலத்துக்குக் கசிந்து வேலி வலுவிழந்துவிடும்; அதன் அடியைத் திரும்பத் திரும்ப வெட்டத்தான் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலே, மருந்தடித்துக் கருக்கிய புல்லை வெட்டித்தான் தீரவேண்டும் என்ற நிலை இரண்டு தடவை வந்தது. 2015இல் இலங்கையில் கிளைபோசேட் என்ற களைகொல்லி தடைசெய்யப்பட்டது; 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் தளர்த்தினார்கள், நெல் செய்பவருக்கு அந்தத் தளர்வு கிடைக்கவில்லை. பிறகு 2021 மே மாதம் இரசாயன உரத்தோடு விவசாய இரசாயனங்களின் இறக்குமதியையும் நிறுத்தினார்கள், நவம்பரில் விட்டுக்கொடுத்தார்கள். மருந்து கடைக்குத் திரும்பினாலும், வரம்பில் மெஷின் பிடிக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது.

இனி உடம்பு. இந்த மெஷின்கள் பெற்றோல் ஊற்றாத நிலையில் பெரும்பாலும் 5 முதல் 8 கிலோ வரை வரும். நெல்மூட்டை தூக்குகிற ஆளுக்கு 6 கிலோ ஒரு பாரமா என்பதுதான் நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. மூட்டையைத் தூக்கினால் இறக்கி வைக்கிறோம். தசை இறுகும், தளரும், இரத்தம் ஓடும். மெஷினையோ உடம்புக்கு முன்னால் ஒரே நிலையில் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கிறோம். இறுகியபடியே இருக்கும் தசைக்குள் இரத்தம் சரியாக ஓடாது. 1960இல் ஜேர்மன் ஆய்வாளர் ரோமெர்ட் இதை அளந்து காட்டினார்: ஒரு தசை தன் முழுப் பலத்தில் பாதியை அசையாமல் பிடிக்கவேண்டுமென்றால் ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் தாங்கும், பங்கு குறையக் குறையத் தாங்கும் நேரம் கூடும். ஆகவே பாரம் எத்தனை கிலோ என்ற கேள்வியோடு, அதில் எத்தனை கிலோவைக் கை பிடிக்கிறது என்ற கேள்வியையும் கேட்கவேண்டும். காவுதடியில் மீன் கொண்டுபோகிறவர் இரண்டு கூடையையும் சமமாக்கிய பிறகுதான் நடக்கத் தொடங்குவார். மெஷினும் பெல்ற்றின் கொளுக்கியில் சமநிலையாகத் தொங்கினால் கைக்கு வேலை அதைத் திருப்புவது மட்டும்தான். கொளுக்கி சமநிலைப் புள்ளியிலிருந்து 10 சென்ரிமீற்றர் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் 6 கிலோ, முன் கைபிடி கொளுக்கியிலிருந்து 30 சென்ரிமீற்றர் தூரத்தில். பத்தை ஆறால் பெருக்கி முப்பதால் பிரித்தால் 2 கிலோ. அந்த 2 கிலோவை ஒரு கை காலை முழுவதும் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடக்கை விறைப்பதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

ஐந்தேகால் அடி ஆளும் ஐந்தடி பத்தங்குல ஆளும் ஒரே பெல்ற்றை மாட்டினால் என்ன ஆகும்? மனித இடுப்பு ஏறத்தாழ உயரத்தின் பாதியில் இருக்கிறது. இந்த இருவரின் இடுப்புக்கும் இடையில் 9 சென்ரிமீற்றர் அளவுக்கு வித்தியாசம் வரும். குட்டையானவர் அளவில் விட்ட வாரை நெட்டையானவர் மாட்டினால் கொளுக்கி விலாவுக்கு ஏறிவிடும், வெட்டும் தலை நிலத்தை எட்டாது, அவர் குனிந்தே வெட்டுவார். மறுபக்கமாக நடந்தால் கொளுக்கி தொடைக்கு இறங்கும், தலை மண்ணை உழும், இவர் கையால் தூக்கிக்கொண்டே வெட்டுவார். இருவருமே “மெஷின் சரியில்லை” என்பார்கள். சரியான இடம் வலது இடுப்பெலும்புக்கு ஓர் உள்ளங்கை அகலம் கீழே. முதலில் பெல்ற்றை மட்டும் மாட்டி, நெஞ்சுப்பட்டியையும் இடுப்புப்பட்டியையும் பூட்டி, தோள்வாரைச் சமமாக இழுத்துக் கொளுக்கியை அந்த உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகுதான் மெஷின். இயந்திரம் நின்ற நிலையில், தாங்கியில் பாதி பெற்றோலோடு, மெஷினைக் கொளுக்கியில் மாட்டிக் கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். தங்கூசித் தலை என்றாலும் புல்லு வெட்டும் பிளேட் என்றாலும் நிலத்தை மெல்லத் தொட்டுக்கொண்டு நிற்கவேண்டும். பற்றை வெட்டும் வட்ட வாள் போட்டிருந்தால் நிலத்திலிருந்து 20 சென்ரிமீற்றர் அளவு உயரத்தில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் வாரை இழுக்காதீர்கள். தண்டில் கொளுக்கி மாட்டும் வளையத்தின் திருகாணியைத் தளர்த்தி முன்னோ பின்னோ நகர்த்துங்கள். வார் உயரத்துக்கு, வளையம் சமநிலைக்கு; இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு எவ்வளவு இழுத்தாலும் சரிவருவதில்லை. பாதித் தாங்கி என்று சொன்னதற்கும் காரணம் உண்டு: ஒரு லீற்றர் பெற்றோல் முக்கால் கிலோ வரை வரும், அது எரிய எரியச் சமநிலை முன்பக்கம் நகரும். வியர்வையில் நனைந்த வாரும் சிறுகச் சிறுக வழுகும். ஆகவே எண்ணெய் ஊற்ற நிற்கும்போதெல்லாம் ஒருமுறை கையை விட்டுப் பார்ப்பது நல்லது.

ஒற்றைத் தோள்வாரா, இரட்டைத் தோள்வாரா என்ற வாதமும் உண்டு. ஒற்றை வார் இடத்தோளில் ஏறி வலது இடுப்புக்கு இறங்குவதால் பாரம் முழுவதும் கழுத்தடியில் ஒரு பக்கமாக விழும்; முதுகெலும்பு அதை ஈடுசெய்ய வளையும். 7.5 கிலோவுக்கு மேற்பட்ட மெஷினுக்கு இரட்டைத் தோள்வார் கொடுத்தே ஆகவேண்டும் என்று இந்த மெஷின்களுக்கான சர்வதேசத் தர விதி சொல்கிறது. அந்த எல்லைக்குக் கீழே உள்ள மெஷினுக்கும், அரைமணி நேரத்துக்கு மேல் வேலை என்றால், இரட்டையே நல்லது என்பேன். இரட்டை வாரிலும் பலர் இடுப்புப்பட்டியைப் பூட்டாமல் விட்டுவிடுகிறார்கள். தோளிலிருந்து பாரத்தை இடுப்பெலும்புக்கு இறக்குவதே அந்தப் பட்டிதான். அதைத் தொங்கவிட்டால் இரட்டைக்குக் கொடுத்த காசில் பாதி வீண்.

வரம்புக்காரர்கள் இங்கே ஒரு நியாயமான மறுப்பைச் சொல்கிறார்கள். ஓரடி அகல வரம்பில், இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும்போது, உடம்போடு கட்டிய மெஷினோடு சறுக்கி விழுந்தால் என்ன செய்வது? புற்றிலிருந்து புடையன் வந்தால், குளவிக்கூட்டில் பிளேட் பட்டால்? பயம் பொய்யல்ல. ஆனால் பெல்ற்றைக் கைவிடுவதற்கு அது காரணமாகாது, நல்ல பெல்ற்றைத் தேடுவதற்குத்தான் காரணம். முறையாகச் செய்த இரட்டை வாரில் ஒரு நாக்கை இழுத்தால் மெஷின் முழுதாகக் கழன்று விழும் பிடி இருக்கும். மலிவான பெல்ற்றுகளில் அது இருக்காது, அல்லது துருவும் சேறும் ஏறிப் பிடித்துப்போயிருக்கும். வேலை தொடங்குமுன் ஒருமுறை, இயந்திரத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, அதை இழுத்துக் கழற்றிப் பாருங்கள். கண்ணால் பார்க்காமல் ஒரு கையால் கழற்ற முடியாவிட்டால் அந்தப் பெல்ற்றோடு வரம்பில் ஏறவேண்டாம். தோளுக்கு மேலே மழைச்சட்டையோ துவாயோ போட்டு அந்தப் பிடியை மூடவும் கூடாது. பெல்ற் இல்லாமல் கையில் மட்டும் பிடித்தவருக்கு வேறோர் ஆபத்து இருக்கிறது: பிளேட் கல்லிலோ வேலிக் கட்டையிலோ பட்டு உதைக்கும்போது மெஷின் சுழன்று காலுக்கு வந்துவிடும். கொளுக்கியும் இடுப்புத் தகடும் தண்டை ஒரு தூரத்தில் பிடித்து வைப்பதால்தான் அந்தச் சுழற்சி கால்வரை வராமல் நிற்கிறது.

பெல்ற் செய்யாத காரியத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இது கடைக்காரர் பேச்சாகிவிடும். அதிர்வை அது நிறுத்தாது. கைபிடியை இறுக்கிப் பிடிக்கும் தேவையைக் குறைப்பதால் கைக்கு ஏறும் அதிர்வு ஓரளவு குறையலாம், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் வகுத்த விதிப்படி, எட்டு மணி நேர வேலைநாளுக்குக் கணக்கிட்டுக் கையதிர்வு 2.5 அலகைத் தாண்டினால் வேலை கொடுப்பவர் நடவடிக்கை எடுக்கவேண்டும், 5 அலகைத் தாண்டவே கூடாது. 5 அலகு அதிரும் மெஷின் ஒன்று இரண்டே மணி நேரத்தில் முதல் எல்லைக்கு வந்துவிடும். தோள் நோகாததால் இரண்டு மணி நேரம் நான்காக நீண்டால், நோவு தோளிலிருந்து விரலுக்கு இடம் மாறியது என்றுதான் பொருள். குளிர்நாடுகளில் இது விரல் வெளுப்பாகத் தெரியும். நம்முடைய வெக்கையில் வெளுப்பு அரிது, மரப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும்தான் வரும். அதனால் யாரும் கவனிப்பதில்லை. பெல்ற் மிச்சப்படுத்தும் உடம்பை இன்னொரு வளவுக்குச் செலவழிக்காமல் இடைவேளைக்குச் செலவழிக்க வேண்டும்.

வெக்கை பற்றிய மறுப்பும் சரியானதே: மெத்தை வைத்த பெல்ற் முதுகில் சூட்டைப் பிடித்து வைக்கும். தடித்த மெத்தையைத் தவிர்த்து வலைத்துணி வைத்ததை வாங்குங்கள், வெயில் ஏறுமுன் வேலையை முடியுங்கள். பற்றறி மெஷின் வந்துவிட்டது, அது பாரமில்லை, பெல்ற் எதற்கு என்பவர்களுக்கு என் பதில்: வளவு மூலைகளை ஒழுங்கு செய்யும் சின்ன மெஷினுக்கு வேண்டாம்தான், நாணல் வெட்டும் வலுவுள்ளது என்றால் பற்றறியோடு சேர்த்து அதுவும் பெற்றோல் மெஷினின் பாரத்துக்கு வந்துவிடுகிறது.

இன்னுமொரு கேள்வி மிஞ்சுகிறது. பெல்ற்றை இழுத்துச் சரிசெய்யத்தான் வார் இருக்கிறதே, ஆளுக்கொன்று எதற்கு? நான்கைந்து இடத்தில் இழுத்து, மாட்டி, கழற்றி, மறுபடி பார்க்கச் சில நிமிடம் பிடிக்கும். நாட்கூலிக்கு நிற்பவர் ஒரு தடவை செய்வார், ஒவ்வொரு நாளும் செய்யமாட்டார். செய்யச் சொல்லவும் அங்கே யாருமில்லை. ஒருவர் வியர்வையில் ஊறிய மெத்தையை இன்னொருவர் வெற்றுத் தோளில் போட்டால் படர்தாமரையும் கூடவே கைமாறும். கொளுக்கியும் வளையமும் பெரும்பாலான மெஷின்களில் ஒன்றுக்கொன்று பொருந்தும். தன் அளவில் இழுத்து வைத்த பெல்ற்றைத் தன்னோடு கொண்டுபோகிறவர் எந்த மெஷினிலும் மாட்டிக்கொள்ளலாம். வளையத்தை மட்டும் சரிபார்த்தால் போதும். வாங்க வழியே இல்லாத இடத்தில் ஒவ்வொருவருடைய அளவிலும் வாரில் ஒரு நிற நூலைத் தைத்து வையுங்கள், இழுக்கும் வேலை பாதியாகும்.

ஆனால் அந்தக் காசைக் கூலிக்காரர் தலையில் கட்டக் கூடாது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைக்குள் நிற்பவரைத்தான் பார்க்கிறது. வரம்பில் நிற்பவரைப் பார்க்கும் பரிசோதகர் யாரும் வரப்போவதில்லை. மெஷின் வாங்குகிற கோயில் நிர்வாகங்களும் பாடசாலைகளும் விவசாயச் சங்கங்களும் வாடகைக்காரர்களும்தான் இதைச் செய்யமுடியும். அடுத்த பெரும்போகத்துக்கு முன் மெஷினுக்கு விலை கேட்கும்போது, அதைப் பிடிக்கப்போகும் ஆட்களை எண்ணி, அத்தனை இரட்டைத் தோள்வாருக்கும் சேர்த்து விலை கேளுங்கள். முடிந்தால் அவர்களையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.