பழைய போனுக்குப் புதுப்பிப்பு வருமா?

காய்கறி விற்கும் அம்மா ஒருவர். அவரிடம் இருப்பது ஐந்து வருடத்துப் பழைய போன். விலை குறைந்த போன்தான். ஒருநாள் அதில் ஒரு செய்தி வந்தது.

"உங்கள் போன் பழையதாகிவிட்டது. இதைத் தொட்டுப் புதுப்பியுங்கள்."

அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். தொடவில்லை. போன் கடைத் தம்பியிடம் காட்டினார்.

"நல்லவேளை அம்மா! இது ஏமாற்று. தொட்டிருந்தால் பேங்கில் உள்ள பணம் போயிருக்கும்."

"உண்மையான புதுப்பிப்பு எப்படி வரும் தம்பி?"

"போனை இயக்குவது ஆண்ட்ராய்டு. கூகுள் அதை வருடந்தோறும் புதிதாக வெளியிடுகிறது. போன் செய்த கம்பெனி அதை உங்கள் போனுக்கு ஏற்றபடி மாற்றித் தர வேண்டும். அதற்குச் செலவாகும். மலிவு போனில் லாபம் கொஞ்சம். ஒன்றிரண்டு தடவை தந்து நிறுத்திவிடுவார்கள். சில போன்களுக்கு அதுவும் வராது."

2014-இல் இந்தியாவில் 'ஆண்ட்ராய்டு ஒன்' போன்கள் வந்தன. மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் கம்பெனிகள் அவற்றை விற்றன. அந்த மலிவு போன்களுக்குக் கூகுளே புதுப்பிப்பு அனுப்பியது. அந்த முதல் போன்களும் ஆண்ட்ராய்டு 6-உடன் நின்றுவிட்டன.

தம்பி செட்டிங்ஸைத் திறந்தார். பாதுகாப்புப் புதுப்பிப்புத் தேதியைக் காட்டினார். இரண்டு வருடம் பழைய தேதி!

"புது ஆண்ட்ராய்டு வராவிட்டால் போகட்டும். திருடன் நுழையும் ஓட்டையை அடைப்பது இதுதான். இது நின்றுவிட்டதே!"

"புதுப் போன் வாங்க வேண்டுமா? பணமில்லையே."

"பேச இது போதும். பணம் அனுப்பும் செயலி மட்டும் இதில் வேண்டாம். கடையில் ஒட்டிய கியூஆர் அட்டைக்கு வரும் பணம் எப்போதும்போல் பேங்குக்குப் போகும். அடுத்த போன் வாங்கும்போது, எத்தனை வருடம் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்று முதலில் கேளுங்கள்."