மூன்று நாள் முன்பு வந்த முடிவு

2022 அக்டோபர் 8-ல் லண்டன் ஓ2 அரங்கில் குத்துச்சண்டை வீரர்கள் கானர் பென்னும் கிறிஸ் யூபேங்க் ஜூனியரும் மோதுவதாக இருந்தது. 1990-லும் 1993-லும் இவர்களுடைய அப்பாக்கள் நைஜல் பென்னும் யூபேங்க் சீனியரும் மோதிய பகையின் தொடர்ச்சி. மூன்று நாள் இருக்கும்போது செய்தி கசிந்தது: பென்னின் சிறுநீரில் குளோமிஃபீன் என்ற மருந்து.

நம்பிக்கை: அது பெண்களுக்கான மாத்திரை, ஆணுக்கு அதனால் என்ன பயன்?

கருமுட்டை முதிர்வதற்காக மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் மாத்திரைதான். ஆனால் அது வேலை செய்யும் இடம் மூளை. உடலில் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதாக மூளையை நம்பவைக்கிறது; மூளை பிட்யூட்டரியை முடுக்கிவிடுகிறது. பெண்ணுக்குக் கருமுட்டை முதிரும். ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் கூடும். அதனால்தான் போட்டி நாளில் மட்டுமல்ல, ஆண்டு முழுவதும் அதற்குத் தடை.

நம்பிக்கை: அவருக்குத் தடையே விதிக்கப்படாதபோது சண்டையை நிறுத்தியது அநியாயம்.

ஏற்பாட்டாளர்களும் முதலில் இதைத்தான் சொன்னார்கள். பிரிட்டன் அரசு சார்ந்த அமைப்பு எடுத்த மாதிரிகளில் எதுவும் சிக்கவில்லை என்றார்கள். ஆனால் வேறு நாளில் எடுத்த வேறு மாதிரி, இந்த மாதிரியில் இருந்ததை இல்லையென்று ஆக்கிவிடாது. மருந்து இருப்பதைக் கண்டறிந்தது வாடா. தமிழில் எழுதினால் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையும் வாடா, இதுவும் வாடா. பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். இது வீரர்கள் தாமே முன்வந்து சேரும் தன்னார்வச் சங்கம். முடிவைத் தெரிவிக்கலாம், தடை விதிக்க அதற்கு அதிகாரமில்லை. பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம் அனுமதி மறுத்தது. மறுநாள் சண்டை தள்ளிவைக்கப்பட்டது.

வாரியம் செய்தது சரி என்றே உறுதியாக நினைக்கிறேன். ஓட்டப்பந்தயத்தில் ஒருவர் ஏமாற்றினால் மற்றவர் பதக்கத்தை இழப்பார். இங்கே அடி விழுவது தலையில். இந்த இரண்டு குடும்பங்களுக்கும் அது தெரியாததல்ல. 1991-ல் யூபேங்க் சீனியருடன் மோதிய மைக்கேல் வாட்சன், 1995-ல் நைஜல் பென்னுடன் மோதிய ஜெரால்ட் மெக்லெலன், இருவருமே மூளைக் காயத்தோடு வாழ்நாளைக் கழிக்க நேர்ந்தது. அந்தச் சண்டைகளுக்கு முன் ஊக்கமருந்துச் சந்தேகம் எதுவும் எழவில்லை. எந்தச் சந்தேகமும் இல்லாத சண்டையே இவ்வளவு செய்யுமென்றால், சந்தேகம் எழுந்த பிறகு மணியடிக்கச் சொல்வதை எப்படி ஏற்பது?

நம்பிக்கை: முட்டை தின்றதால் வந்தது என்று நிரூபித்து விடுதலையானார்.

இரண்டு தீர்ப்புகளைக் கலந்து பேசுகிறார்கள். முட்டையை அதிகம் சாப்பிட்டது ஏற்கக்கூடிய விளக்கம் என்று 2023 பிப்ரவரியில் சொன்னது உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில். பிரிட்டனின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புத் தீர்ப்பாயம் 2024 நவம்பரில் சொன்னது வேறு: பென் விதியை மீறினார் என்று தனக்குத் திருப்தி தரும் அளவுக்கு நிறுவப்படவில்லை. ஆகவே அவரை ஏமாற்றுக்காரர் என்று எழுதுவது தவறு. முட்டைதான் காரணம் என்று தீர்ப்பாகிவிட்டதாக எழுதுவதும் தவறு.

கடைசியில் 2025 ஏப்ரல் 26-ல் டாட்டன்ஹாம் மைதானத்தில் மோதினார்கள். யூபேங்க் ஜூனியர் புள்ளிகளில் வென்றார். வாட்சன் சாய்ந்த பழைய ஒயிட் ஹார்ட் லேன் மைதானம் இருந்ததும் அங்கேதான்.